பிரவுசரில் கீழ் அம்பைத் தட்டும்போது பக்கம் நகராமல் மின்னும் கோடு மட்டும் இறங்கினால்

எஃப்7 விசையை ஒருமுறை அழுத்துங்கள். மின்னும் கோடு மறைந்து, கீழ் அம்பு பழையபடி பக்கத்தை நகர்த்தும். எண்ட் விசையும் வரியின் கடைசியில் நிற்காமல் பக்கத்தின் அடிக்கே போகும். லேப்டாப்பில் சத்தமோ வெளிச்சமோ மாறினால், எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

எப்போதோ எஃப்7-இல் கை பட்டிருக்கும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் அப்போது கேரட் பிரவுசிங் என்ற இந்தக் கோட்டு வசதியை இயக்கவா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டால் அது இயங்கிவிடும். கோளாறு இல்லை, எழுத்தைச் சுட்டியில்லாமல் தேர்ந்தெடுக்க உண்டான வசதி. ஷிஃப்டும் அம்பும் சேர்த்தால் ஒவ்வோர் எழுத்தாகப் பிடிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, பக்கத்தின் வெற்றிடத்தில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ஒரு திரை அளவு இறங்க வேண்டும். ஷிஃப்டோடு தட்டினால் மேலே ஏறும். அந்தக் கிளிக் முக்கியம்: தேடல் பெட்டியிலோ வீடியோவிலோ கவனம் இருந்தால் ஸ்பேஸ் அங்கேதான் வேலை செய்யும்.

ஒன்று மட்டும். கீழே போகப் போக புதிதாக ஏறிக்கொண்டே இருக்கும் பக்கங்களில் எண்ட் உண்மையான அடிக்குக் கொண்டுபோகாது. கண்ட்ரோல்+எஃப் தேடலும் அங்கே இன்னும் ஏறாத பகுதியைக் காட்டாது. மற்ற நீளமான கட்டுரைகளில் நான் ஸ்க்ரோல் செய்வதே அபூர்வம். வேண்டிய சொல்லைக் கண்ட்ரோல்+எஃப்-இல் தட்டி, என்டரால் அடுத்தடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.