யார் ரோடு, எந்தக் கணக்கு? நகராட்சிச் சாலைப் பாதுகாப்பு பற்றி வாசகர் கேள்விகள்

நகராட்சி பட்ஜெட்டில் ‘உபரி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட முனையில் ஒரு ஜீப்ரா கோடு போடச் சொன்னால் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தமிழ்நாட்டு நகராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று தனித்தனிக் கணக்குகள். சாலை, தெருவிளக்கு, கோடு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் வருவாய் நிதியைத்தான் நம்பியிருக்கின்றன. துப்புரவுப் பணி ஒப்பந்தமும் ஊழியர் சம்பளமும் அதே பெட்டியிலிருந்துதான் போகின்றன. முகப்புப் பக்கத்து உபரி, மூன்றையும் கூட்டி வந்த தொகையாக இருக்கும். கல்வி நிதியில் பணம் தேங்கிக் கிடந்தாலும் அதை எடுத்து ரோட்டில் போட முடியாது. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியும் நகராட்சிக்குச் சொந்தமில்லை, நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியாக வேண்டும்.

மானியங்களுக்கும் வேலி உண்டு. 15-வது நிதிக்குழுக் காலத்தில் (2021-26) நகராட்சி அளவிலான ஊர்களுக்கு வந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மீதி 40 விழுக்காட்டைத்தான் சாலை போன்ற வேலைகளுக்கு எடுக்க முடிந்தது, அதிலும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது.

மூன்றாவது சிக்கல் வரி வசூல். வருமானப் பக்கத்தில் எழுதியிருப்பது வர வேண்டிய தொகை. உண்மையில் வந்தது எவ்வளவு என்பதை ‘கேட்பு, வசூல், நிலுவை’ப் பட்டியல்தான் சொல்லும். நிலுவை மலைபோல் நிற்கிற ஊரில் காகித உபரிக்கு மதிப்பில்லை.

ஆகவே பட்ஜெட் புத்தகம் கையில் கிடைத்தால் முகப்பை விட்டுவிட்டு வருவாய் நிதிப் பக்கத்துக்குப் போங்கள். ‘சாலைகள் பராமரிப்பு’, ‘தெருவிளக்குகள்’ ஆகிய இனங்களில் முந்தைய ஆண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 40 லட்சம் ஒதுக்கி 9 லட்சம்தான் செலவாகியிருந்தால், நிதி இல்லை என்ற பதில் நிற்காது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கோடு போடுவதற்கு என்ன செலவாகும் என்ற வேலை மதிப்பீட்டையே யாரும் தயாரித்திருக்க மாட்டார்கள். மதிப்பீடு இல்லாத வேலைக்கு எந்த ஊரிலும் நிதி இருக்காது.

அப்படியென்றால் அந்த ஜீப்ரா கோட்டுக்கு என்னதான் ஆகும்? மனுவில் எப்படிக் கேட்பது?

அளவோடு கேளுங்கள். 7 மீட்டர் அகலச் சாலை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பட்டை அரை மீட்டர், இடைவெளி அரை மீட்டர், பட்டையின் நீளம் 3 மீட்டர். சாலையின் குறுக்கே 7 பட்டைகள் வரும். மொத்தப் பரப்பு 10.5 சதுர மீட்டர். சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட் 2.5 மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ பிடிக்கும், ஆகவே 50 கிலோ சொச்சம். மேலே தூவும் கண்ணாடி மணி சதுர மீட்டருக்கு 250 கிராம், மொத்தம் சுமார் இரண்டரைக் கிலோ. இந்த மணிதான் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. அதைத் தூவாமல் விட்டால் பகலில் பளிச்சென்று தெரியும் கோடு, தேவைப்படுகிற இரவில் தெரியாது.

சாதாரண பெயின்ட் மலிவு, ஆனால் பேருந்து ஓடும் சாலையில் சில மாதங்களில் தேய்ந்துவிடும். தெர்மோபிளாஸ்டிக்கும் ஈரத்திலோ புழுதியிலோ ஊற்றினால் தோலாக உரிந்து வரும். கான்கிரீட் சாலையாக இருந்தால் முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையே வண்டியோடு வந்து நின்றால் தயங்காமல் தடுத்துக் கேளுங்கள்.

கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கோட்டுக்கு 2 முதல் 3 மீட்டர் முன்னால் நிறுத்தக் கோடு, இரு பக்கமும் சுமார் 50 மீட்டருக்கு முன்பே ‘பள்ளி’ எச்சரிக்கைப் பலகை, கடக்கும் இடத்துக்கு நேர்மேலே ஒரு விளக்கு ஆகியவற்றையும் ஒரே மனுவில் சேர்த்துவிடுங்கள். முக்கியமானது, கோட்டை ஒட்டி ஆட்டோவும் வேனும் நிற்காமல் தடுப்பது. நிறுத்திய வேனுக்குப் பின்னாலிருந்து குழந்தை சாலையில் கால் வைக்கும்போது ஓட்டுநர் கண்ணுக்கு அது படாது, எத்தனை கோடு போட்டாலும் சரி. இரண்டு முனையிலும் நான்கைந்து தடுப்புக் கம்பங்கள் நட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கள் தெருவில் வேகத்தடை கேட்டு இரண்டு வருடமாகிறது. நாங்களே சிமென்ட் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தெருக்காரர்கள் சொல்கிறார்கள்.

வேண்டாம். சட்டச் சிக்கலை விடுங்கள், அதனால் அடிபடப் போவது உங்கள் தெரு இருசக்கர வாகனக்காரர்தான்.

சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) தன் ஐ.ஆர்.சி. 99 நெறிமுறையில் சொல்லும் வட்ட வடிவ வேகத்தடையின் அகலம், வண்டி போகும் திசையில், 3.7 மீட்டர். நடு உயரம் 10 சென்டிமீட்டர். வளைவின் ஆரம் 17 மீட்டர். இதன் மேல் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி மெதுவாக ஏறி இறங்கும், அதற்கு மேல் போனால் உலுக்கும். தெருக்களில் நாம் பார்ப்பது ஒன்றரை அடி அகலமும் அரையடி உயரமும் உள்ள சிமென்ட் திண்டு. மெதுவாகப் போகிற கர்ப்பிணியையும் முதுகுவலிக்காரரையும் அது தூக்கிப் போடும். வேகமாகப் போகிற கார்க்காரருக்கோ சக்கரம் ஒரு குதி குதித்து முடிந்துவிடும், மீதியை சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்ளும். யாரைத் தடுக்க நினைத்தோமோ அவரைத் தவிர மற்ற எல்லோரையும் தண்டிக்கிற தடை அது.

5.5 மீட்டர் அகலத் தெருவில் முறையான வேகத்தடைக்கு ஏறக்குறைய 1.4 கன மீட்டர் தார்க்கலவை, அதாவது 3 டன்னுக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டு மூட்டை சிமென்டில் இது வராது. தடை சாலையின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் போக என்று ஒரு முழம் விட்டால் பைக்குகள் எல்லாம் அந்த இடுக்கில் புகுந்து நடந்து போகிறவர் மேல் ஏறும். தண்ணீருக்குத் தனியாகக் குழாயோ சாய்வோ கொடுக்க வேண்டும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, தடையின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை, இரவில் மின்னும் ஸ்டட். வரிசையாகப் போடுவதென்றால் இடைவெளி 100 முதல் 120 மீட்டர்.

இன்னொன்று: இது சிறு சாலைகளுக்கான ஏற்பாடு. தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை எடுக்கச் சொல்லி 2016-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. உங்கள் மனு நகராட்சி ஆணையருக்கு மட்டும் போயிருந்தால் அதனாலேயே தேங்கியிருக்கலாம். போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் நகல் அனுப்பி, கூட்டுத் தள ஆய்வு கேளுங்கள்.

பேருந்து நிலையச் சாலையில் பள்ளம். நகராட்சி ‘அது நெடுஞ்சாலைத் துறை ரோடு’ என்கிறது, அவர்கள் ‘ஊருக்குள் நகராட்சிதான்’ என்கிறார்கள்.

ஊருக்குள் ஓடுகிறது என்பதால் சாலை நகராட்சியுடையது ஆகிவிடாது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். கிலோமீட்டர் கல்லில் பச்சைத் தலை இருந்தால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. மாநிலத் துறைச் சாலைப் பள்ளங்களுக்கு ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. ஆனால் அதே சாலையின் தெருவிளக்கையும் குப்பையையும் நகராட்சி பார்த்துக்கொள்வது உண்டு. பள்ளத்துக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர் என்று இரண்டு மனு எழுத வேண்டி வரும்.

கல்லும் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரையுள்ள சாலை நகராட்சிச் சாலைப் பதிவேட்டில் உள்ளதா? பதிவேட்டுப் பக்க நகல் தருக” என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். விஷயம் வேறு துறையுடையது என்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். அந்த எழுத்துப் பதில் கையில் இருந்தால் அதன்பின் இந்தப் பந்து உதைக்கும் விளையாட்டு நடக்காது.

ஒவ்வொரு மழைக்கும் ஒட்டுப்போட்ட இடமே பெயர்கிறது. கலப்படத் தாரா?

கலப்படத்தை விடச் சோம்பல்தான் அதிகம். பள்ளத்தின் ஓரங்களை நேராக வெட்டி, உறுதியான பகுதி வரும்வரை சதுரமாக்கி, புழுதியையும் தண்ணீரையும் எடுத்து, அடியிலும் பக்கச் சுவரிலும் ஒட்டும் தார்ப் பூச்சு கொடுத்து, 10 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக நிரப்பி இறுக்க வேண்டும். இதில் வெட்டுவதையும் பூச்சையும் விட்டுவிட்டு, பள்ளத்தில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் ஓரத்தில் தண்ணீர் இறங்கும், டயர் அதைப் பம்ப் செய்து வெளியேற்றும்.

அடுத்த காரணம் சூடு. வழக்கமான வி.ஜி. 30 தரத் தார்க் கலவை போடும்போது 140 டிகிரி செல்சியஸ், உருட்டும்போது 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தொலைவான ஆலையிலிருந்து தார்ப்பாய் மூடாத டிப்பரில் வந்து, தெருத்தெருவாக நின்று நின்று போடும்போது கடைசித் தெருவுக்குக் கிடைப்பது ஆறிய கலவை. அது இறுகாது, ஜல்லி ஜல்லியாக உதிரும்.

குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்கேபிள் பள்ளங்கள் வேறு கதை. மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு நீர் தெளித்து இறுக்காமல் ஒரே தள்ளாகத் தள்ளி மேலே தார் போட்டால், முதல் மழையில் குழாயின் நீளத்துக்குச் சாலை உள்வாங்கும். வெட்டிய துறையிடம் நகராட்சி வாங்கி வைத்திருக்கும் சாலைச் சீரமைப்புக் கட்டணம் என்ன ஆனது என்று கேளுங்கள். பொதுப் பராமரிப்பு நிதியிலிருந்து அதைச் சரிசெய்வது மற்ற தெருக்களின் பணத்தை எடுப்பதாகும்.

புதிதாகச் சாலை போடும்போது பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீடு தாழும், சாக்கடை மூடி குழியில் நிற்கும். அந்தக் குழியில்தான் இரவில் பைக் விழுகிறது. சுரண்டும் வேலை மதிப்பீட்டில் இருக்கிறதா என்று வேலை தொடங்குமுன் பாருங்கள். மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகம் மூன்றின் நகலையும் தகவல் சட்டத்தில் பெறலாம். வேலையைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாது.

நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டு 30 கிலோமீட்டர் வேக வரம்பு வைக்க முடியுமா?

தீர்மானம் மட்டும் போதாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 112-ன் கீழ் மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ அறிவிக்கை வெளியிட வேண்டும், பலகையும் வைக்க வேண்டும். அறிவிக்கை இல்லாத பலகையை மீறியதற்கு விதித்த அபராதம் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். தீர்மானத்தை ஆட்சியருக்கு அனுப்பும் பரிந்துரையாகப் பயன்படுத்துங்கள்.

மனுவை எப்போது கொடுத்தால் அடுத்த பட்ஜெட்டில் ஏறும்?

பிப்ரவரி, மார்ச் மாத பட்ஜெட் கூட்டத்துக்கு முதல்நாள் கொடுக்கிற மனுவால் பயனில்லை, அதற்குள் அச்சாகியிருக்கும். நவம்பர், டிசம்பரில் நகராட்சிப் பொறியாளர் வார்டு வாரியாகப் பட்டியல் சேர்க்கும்போது உங்கள் வேலை அதில் இருக்க வேண்டும். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டத்தில் பதிவு செய்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், வார்டு உறுப்பினருக்கும் அது பிடிமானம். ‘சாலையைச் சீர்செய்க’ என்று எழுதாமல் தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எது வரை, நீளம், அகலம், எந்தச் செலவினம் என்று எழுதுங்கள். அலுவலகத்தில் அதை அப்படியே மதிப்பீட்டுப் படிவத்துக்கு மாற்றிக்கொள்வார்கள்.

நாங்கள் பாதிப் பணம் கட்டத் தயார். வழி உண்டா?

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினாலே போதும். ஆனால் கட்டுமுன் சாலை நகராட்சிப் பதிவேட்டில் உள்ளதா என்று உறுதி செய்யுங்கள், ஒப்படைக்கப்படாத மனைப்பிரிவுச் சாலையாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒரு குறையும் உண்டு: வசதியுள்ள தெரு முன்னால் போகும், கூலிக்காரர் தெரு பின்னால் நிற்கும். உங்கள் வார்டு உறுப்பினர் அதை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

மூடாத பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. யாரைக் கேட்பது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 198ஏ-யின்படி, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் நிர்ணயித்த தரம் மீறப்பட்டு அதனால் இறப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அலுவலகம் அல்லது ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சாதாரணக் காயத்துக்கு இது பொருந்தாது, அதற்கு உரிமையியல் இழப்பீட்டு வழக்குதான். எதற்கானாலும் அன்றைக்கே அளவுகோல் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தைப் படமெடுங்கள், தடுப்போ விளக்கோ இல்லாததும் படத்தில் தெரியட்டும். மறுநாள் அது மூடப்பட்டுவிடும். மருத்துவமனையில் ‘தவறி விழுந்தார்’ என்று எழுத விடாமல் இடத்தைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் புகார் பதிவானால் விபத்து இணையத் தரவிலும் ஏறும், அந்த இடத்தில் திருத்த வேலை வேண்டும் என்று பின்னாளில் கேட்க அது உதவும்.

தெருவிளக்குகள் எரிவதில்லை என்று புகார் செய்தால் ‘பார்க்கிறோம்’ என்ற பதில்தான்.

எப்படி அணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் அணைந்தால் விளக்கு அல்லது கம்பத்து இணைப்பு. மூன்றுக்கு ஒன்று என்று வரிசையாக அணைந்தால் பெரும்பாலும் ஒரு ஃபேஸ் (மூன்று மின்வழிகளில் ஒன்று) இல்லை. தெரு முழுவதும் என்றால் சுவிட்ச் பெட்டியின் ஃபியூஸ் அல்லது டைமர். கம்ப எண்களோடு இதைச் சொன்னால் ஏணி வண்டி வேண்டுமா, வெறும் ஆள் போதுமா என்று அவர்களால் முடிவு செய்ய முடியும். கம்பமே சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ நகராட்சிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம், உடனே மின்வாரியத்தின் மின்னகத்தை 94987 94987-ல் அழையுங்கள்.