ஸ்டேஷன்ல இருக்கற பேப்பர் தானா கவுன்சிலுக்குப் போகுமா?

ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுத்தாகணும்னு போன இதழ்ல எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி கேக்குது, போலீசுக்குத் தெரிஞ்சது மெடிக்கல் கவுன்சிலுக்குத் தெரியுமா, கவுன்சிலுக்குத் தெரிஞ்சது போலீசுக்குப் போகுமான்னு. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: மேடம், எங்க அண்ணிக்கு போன வருஷம் ஒரு நர்சிங் ஹோம்ல கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணாங்க, மூணாம் நாள் இறந்துட்டாங்க. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட்டாச்சு. இனிமே டாக்டர் லைசென்ஸ் மேல கவுன்சிலே நடவடிக்கை எடுக்கும்னு நம்பிட்டு இருந்தோம். எட்டு மாசம் ஓடிடுச்சு, அதே டாக்டர் அதே எடத்துல பேஷன்ட் பாக்கறாங்க. போலீஸ் கவுன்சிலுக்கு சொல்லவே இல்லையா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டாங்க தம்பி. உங்க துக்கத்துல இதையும் சேர்த்து சொல்றது கஷ்டமா இருக்கு, ஆனா தெரிஞ்சுக்கிட்டே ஆகணும். டாக்டர்களோட பதிவைப் பாத்துக்கற 2019-ம் வருஷ தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல, ஒரு டாக்டர் மேல எஃப்ஐஆர் விழுந்தா போலீஸ் உடனே மாநில கவுன்சிலுக்கு எழுதணும்னு ஒரு பிரிவு கிடையாது. கவுன்சில் இருக்கறது இதே ஊர்ல பூந்தமல்லி ஹைரோட்டுல, உங்க ஸ்டேஷனும் இதே ஊர்ல, ஆனா ரெண்டுக்கும் நடுவுல அந்த பேப்பரை எடுத்துட்டுப் போற ஆள் நீங்கதான்.

சில குற்றங்களுக்கு மட்டும் சட்டமே அந்த வேலையை யாராவது செய்யணும்னு எழுதி வெச்சிருக்கு. கருவுல இருக்கறது ஆணா பொண்ணான்னு ஸ்கேன் பண்ணி சொல்றதைத் தடுக்கற 1994 சட்டத்தை எடுத்துக்கோங்க, அதோட 23-வது பிரிவுப்படி அந்த டாக்டர் பேரை அதுக்குன்னு நியமிச்ச அதிகாரி கவுன்சிலுக்கு அனுப்பியாகணும், கோர்ட்ல குற்றச்சாட்டு பதிவானாலே கேஸ் முடியற வரைக்கும் பதிவை சஸ்பெண்ட் பண்ணலாம், தண்டனை கிடைச்சா முதல் தடவை 5 வருஷம், அடுத்த தடவை நிரந்தரமா பேரை எடுத்துடணும். உறுப்பு மாற்று சட்டத்துலயும் இதே மாதிரி இருக்கு, அங்க முதல் தடவைக்கு 3 வருஷம். வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்துல 'கிட்னிவாக்கம்'னே பேர் வந்துச்சு, எங்க அம்மா காலத்து ஆளுங்களுக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும், அப்படிப்பட்ட காலத்துல வந்த சட்டம் அது. ஆக, இதை எப்படி எழுதறதுன்னு நம்ம சட்டத்துக்குத் தெரியும், ஆனா சாதாரண அஜாக்கிரதை கேசுக்கு எழுதலை. எழுதணும்னுதான் நான் பல வருஷமா சொல்லிட்டு இருக்கேன்.

நீங்க செய்ய வேண்டியதை சொல்றேன். கிரிமினல் கேஸ் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. கோர்ட்ல தண்டனை ஆனா அதுவே தொழில் ஒழுங்கீனம்னு 2002-ம் வருஷ ஒழுங்குமுறை விதிகள்ல இருக்கு, ஆனா அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். கவுன்சில் பாக்கறது வேற கேள்வி, ஒரு டாக்டர் செய்ய வேண்டியதை இவங்க செஞ்சாங்களா இல்லையான்னு. அதுக்கு கோர்ட் தீர்ப்பு தேவையில்லை, தனியா ஒரு புகார் போதும். எஃப்ஐஆர் காப்பி (புகார் கொடுத்தவருக்கு இலவசமா கொடுக்கணும்), போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், கேஸ் ஷீட், பிரிஸ்கிரிப்ஷன், பில் எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கி வெச்சு, டாக்டரோட பதிவு எண்ணையும் போட்டு எழுதுங்க. அந்த எண் பிரிஸ்கிரிப்ஷன்லயே இருக்கணும், அது விதி. நேர்ல கொடுத்தா உங்க காப்பியில சீல் வாங்காம வெளிய வராதீங்க. புகார் மேல 6 மாசத்துல முடிவெடுக்கணும்னு அதே விதிகள் சொல்லுது.

ஸ்டேஷன் பக்கமும் விடாதீங்க. 2024 ஜூலை 1-ல இருந்து வந்திருக்கற புது நடைமுறைச் சட்டத்துல, விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளுக்குள்ள புகார்தாரருக்கு போலீஸ் சொல்லணும்னு இருக்கு. உங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு, யாராவது சொன்னாங்களா? எழுத்துல கேளுங்க, அந்த பதிலையும் கவுன்சில் ஃபைல்ல சேருங்க.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன், கவுன்சில் முடிவு பிடிக்கலைன்னா மேல அப்பீல் போற உரிமை அந்த 2019 சட்டத்துல டாக்டருக்குன்னுதான் எழுதியிருக்கு, குடும்பத்துக்கு இல்லை, நீங்க ஹைகோர்ட்டுக்கு ரிட் போட்டுத்தான் போகணும். எனக்கு இந்த சட்டத்துல ரொம்ப வலிக்கற எடம் இதுதான்.

என் ஆபீசுக்கு ஒரு அப்பா மஞ்சப்பையில எஃப்ஐஆரை மடிச்சு வெச்சுக்கிட்டு வந்தார். பொண்ணு போய் மூணு வருஷம். கவுன்சிலுக்கு எழுதினீங்களான்னு கேட்டேன், "அது போலீசே அனுப்பிடுவாங்கன்னு ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தர் சொன்னாரும்மா"ன்னார். அந்த மூணு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பாங்க, அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கலை. அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதறேன்.

கேள்வி: நான் ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர். டாக்டர் மேல கேஸ்னாலே எங்களுக்கு கை கட்டிப் போட்ட மாதிரிதான், அரசு டாக்டர்கிட்ட கருத்து கேட்டு எழுதிட்டு மாசக்கணக்குல உக்காந்திருப்போம். வெறும் எஃப்ஐஆர் நிலையிலயே கவுன்சிலுக்கு எழுதினா ஒரு நல்ல டாக்டர் பேர் கெட்டுடாதா? குற்றம் நிரூபணம் ஆனப்புறம் சொன்னா போதாதா?
- ஒரு வாசகர், அயனாவரம்

பதில்: உங்க கவலை நியாயமானது சார். 2005-ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதே அதுதான், இன்னொரு தகுதியான டாக்டரோட கருத்து இல்லாம மேல போகாதீங்க, சும்மா சும்மா கைது பண்ணாதீங்கன்னு. 2013-ல லலிதா குமாரி தீர்ப்புலயும் மருத்துவ அஜாக்கிரதை புகார்ல முதல்ல பூர்வாங்க விசாரணை நடத்தலாம்னு விட்டாங்க. வேலை தெரிஞ்ச ஒரு டாக்டரை பயமுறுத்தினா அவர் அடுத்த சீரியஸ் கேசைத் தொடவே மாட்டார், அது நமக்குத்தான் நஷ்டம்.

ஆனா நிரூபணம் ஆகட்டும்னு காத்திருந்தா என்ன ஆகும்னு இங்கிலாந்துல நடந்ததை சொல்றேன். ஹரால்ட் ஷிப்மன்னு மான்செஸ்டர் பக்கத்துல ஹைடுங்கற ஊர்ல ஒரு குடும்ப டாக்டர். 1976-லயே பெத்திடின் மருந்துக்காக போலி பிரிஸ்கிரிப்ஷன் எழுதி கோர்ட்ல தண்டனை வாங்கினவர், அவங்க ஊர் மெடிக்கல் கவுன்சில் ஒரு எச்சரிக்கை கடிதத்தோட விட்டுடுச்சு. 1998 மார்ச்சுல பக்கத்து கிளினிக் டாக்டரம்மா ஒருத்தங்க, இவர்கிட்ட போற வயசானவங்க இவ்வளவு பேர் சாகறாங்களேன்னு மரண விசாரணை அதிகாரிகிட்ட சொன்னாங்க. போலீஸ் ரகசியமா விசாரிச்சு ஏப்ரல்ல ஃபைலை மூடிட்டாங்க. அந்த விசாரணையில இவருக்கு பழைய கேஸ் இருக்கான்னு ரெக்கார்டு பாக்கலை, கவுன்சிலை ஒரு வார்த்தை கேக்கவும் இல்லை. ஃபைலை மூடினதுக்கும் செப்டம்பர்ல அவரைக் கைது பண்ணதுக்கும் நடுவுல இன்னும் மூணு பெண்களைக் கொன்னுட்டார். 2000-ல 15 கொலைகளுக்கு தண்டனை, அப்புறம் நடந்த விசாரணைக் கமிஷன் 215 பேரைக் கொன்னதா பதிவு பண்ணுச்சு. பழைய தண்டனை ஒரு அலமாரியில, புது சந்தேகம் இன்னொரு அலமாரியில, ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாக்க ஆளே இல்லை.

இப்ப அங்க நடைமுறை வேற. 2015-ல இருந்து, பொதுமக்களுக்கு ஆபத்து இருக்குன்னு போலீசுக்குப் பட்டா, தண்டனை வரைக்கும் காத்திருக்காம கைது பண்ற கட்டத்துலயோ குற்றம் சாட்டற (சார்ஜ்) கட்டத்துலயோ கவுன்சிலுக்கு சொல்லலாம். கவுன்சில் பக்கத்துல இருந்து, விசாரணை முடியற வரைக்கும் 18 மாசம் வரை இடைக்கால சஸ்பென்ஷன் போட வழி இருக்கு, இதுல குற்றவாளின்னு முத்திரை குத்தறது கிடையாது.

நீங்க கேட்ட பேர் கெடற விஷயத்துக்கும் அங்க ஒரு தீர்ப்பு இருக்கு, 1999, உல்கர் வழக்கு. ஒரு நர்சிங் ஹோம் மேட்ரன் (தலைமை நர்ஸ்), நோயாளி இறந்ததுல போலீஸ் விசாரிச்சு ஆதாரம் போதலைன்னு விட்டுட்டாங்க, ஆனா நர்ஸ் கவுன்சில் அவங்க போலீஸ்ல கொடுத்த வாக்குமூலத்தைக் கேட்டுச்சு, மேட்ரன் அதைக் கொடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. மக்கள் பாதுகாப்புக்குத் தேவைன்னா போலீஸ் கொடுக்கலாம், ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவருக்கு சொல்லணும், அவங்க வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும்னு நீதிபதிகள் சொன்னாங்க. எனக்கு இது ரொம்ப நேர்மையான வழியா படுது.

நம்ம ஊர்லயும் இப்படி செய்யலாம்னு நான் நினைக்கறேன் சார், அரசு டாக்டர்கிட்ட கருத்து கேட்டு எழுதற அன்னிக்கே கவுன்சில் ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு நகல், ரகசியம்னு குறிச்சு, டாக்டருக்கும் தெரிவிச்சு. கேசை மூடினா மூடியாச்சுன்னு இன்னொரு கடிதம் கண்டிப்பா போகணும், அந்த ரெண்டாவது கடிதம்தான் நீங்க கவலைப்படற நல்ல டாக்டரைக் காப்பாத்தும். உங்க பழைய சகாக்கள்கிட்ட நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாங்க.

கேள்வி: அக்கா, என் பொண்ணு லண்டன்ல ஸ்டாஃப் நர்ஸ். இங்க புருஷன் வீட்டு சண்டையில நாத்தனார் கொடுத்த புகார்ல அவ பேரும் எஃப்ஐஆர்ல வந்துடுச்சு. அங்க கவுன்சிலுக்கு சொல்லணுமா? சொன்னா வேலை போயிடுமோன்னு தூக்கமே வரலை.
- ஒரு வாசகி, ஆவடி

பதில்: முதல்ல தைரியமா இருங்கம்மா. அங்க நர்சுங்களுக்கான நடத்தை விதியில 23.2-ன்னு ஒரு வரி இருக்கு, போலீஸ் எச்சரிக்கை வாங்கினாலோ, சார்ஜ் ஆனாலோ, குற்றவாளின்னு தீர்ப்பானாலோ கவுன்சிலுக்கும் வேலை பாக்கற ஆஸ்பத்திரிக்கும் சீக்கிரமா சொல்லணும்னு. எஃப்ஐஆர்ங்கறது தகவல் பதிவு, சார்ஜ் இல்லை. ஆனா இங்க சார்ஜ் ஷீட் போட்டா அதை அங்க எப்படி எடுத்துக்குவாங்கன்னு பாப்பா தன் யூனியன்லயோ அங்க ஒரு வக்கீல்கிட்டயோ இப்பவே கேட்டு வெச்சுக்கட்டும், வேலைக்கு எடுக்கறப்ப போட்ட கான்ட்ராக்ட்ல இன்னும் கடுமையா ஏதாவது இருக்கான்னும் பாக்கணும். சொல்ல வேண்டிய கட்டம் வந்தா மறைக்கவே கூடாது, மறைச்சது தெரிஞ்சா அதுவே தனி குற்றச்சாட்டா வரும், குடும்பச் சண்டையை விட அதுதான் பெரிசாயிடும். பொய்யா சேர்த்த பேர்னா இங்க ஹைகோர்ட்ல எஃப்ஐஆரை ரத்து பண்ண மனு போடலாம், அதை தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: எங்க தெருவுல ஒருத்தர் படிக்காமலே ஊசி போடறார். கவுன்சில்ல சொன்னா போதுமா?
- ஒரு வாசகர், செங்குன்றம்

பதில்: அவர் பேர் கவுன்சில் பதிவேட்டுலயே இல்லைன்னா நீக்க என்ன இருக்கு? இங்க தகவல் எதிர்ப்பக்கமா போகணும். பதிவு இல்லாம வைத்தியம் பாத்தா ஒரு வருஷம் ஜெயில் வரைக்கும் இல்ல 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும், ஆனா இதைச் சொல்ற அந்த 2019 ஆணையச் சட்டத்துக்குக் கீழ கோர்ட் கேசை எடுக்கணும்னா கவுன்சிலோ ஆணையமோ அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்துல புகார் தரணும். அதனால கவுன்சிலுக்கும் எழுதுங்க, ஸ்டேஷன்ல மோசடி புகாரும் கொடுங்க, மாவட்ட சுகாதார இணை இயக்குநருக்கும் ஒரு காப்பி. மூணுலயும் மத்த ரெண்டு பேருக்கு அனுப்பினதைக் குறிச்சிடுங்க.

கேள்வி: நர்ஸ், மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட் மேல புகார்னா இதே கவுன்சில்தானா?
- ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: இல்லம்மா. நர்சுக்கு தனி கவுன்சில், பார்மசிஸ்டுக்கு 1948 சட்டப்படி தனி கவுன்சில், பல் டாக்டருக்கும் சித்த வைத்தியருக்கும் தனித்தனி. ஆஸ்பத்திரி மேலயே புகார்னா அது இவங்க யார்கிட்டயும் வராது, சுகாதார இணை இயக்குநர்கிட்டதான் போகணும். கவர் மேல விலாசம் எழுதறதுக்கு முன்னாடி, யார் மேல புகார்னு பேரையும் அவங்க படிப்பையும் ஒரு தடவை சரி பாத்துக்கோங்க.