பதில்: பிப்ரவரியில் மாரா, செரங்கெட்டி இரண்டும் ஆறு நாளில் முடியுமா?

பிப்ரவரியில் ஆறு நாள், எழுபது வயது அம்மா கூட, கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி ரெண்டு சரணாலயமும் போய், மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் தாண்டுவதைப் பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. அந்த மாதம் மந்தை அங்கே இருக்காதுங்க. ஆறு தாண்டுறது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான்.

அதுக்காகப் பயணத்தை மாத்தாதீங்க. பிப்ரவரியில் மந்தை செரங்கெட்டியின் தெற்கே, ண்டூட்டு (Ndutu) பகுதியில் குட்டி போடும். பிறந்த கொஞ்ச நேரத்திலேயே கால் தடுமாறி எழுந்து தாய் பின்னால் ஓடும். சிவிங்கிப்புலியும் (சீட்டா) கழுதைப்புலியும் அங்கேயேதான் சுத்தும். என்னைக் கேட்டா ஆத்தங்கரையில் மணிக்கணக்கா காத்திருக்கிறதைவிட இது மேல்.

கென்யாவை விட்டுடுங்க. வரைபடத்தில் மாராவும் செரங்கெட்டியும் ஒட்டியிருக்கு, ஆனா எல்லைச் சாவடிக்குச் சுத்திப் போகணும். ஒரு நாள் போயிடும். தான்சானியா மட்டும்: ண்டூட்டுவில் மூணு இரவு, ங்கோரொங்கோரோ எரிமலைப் பள்ளத்துப் பக்கம் ஒண்ணு. பள்ளத்தின் விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல, விடிகாலைக் குளிர் நடுக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

மண்பாதை குலுக்கல் இடுப்பை வாங்கிடும். அதுக்குப் பதிலா சின்ன விமானத்தில் போனா லக்கேஜ் வழக்கமா 15 கிலோதான், அதுவும் மெத்துப் பை. கருநீலச் சட்டை வேண்டாம், செட்சி ஈ தேடி வந்து கடிக்கும்!