தோட்டம் கேள்வி–பதில்: பாயின்செட்டியாவை வெளியேற்ற வேண்டுமா?

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என் மகள் பெங்களூரிலிருந்து வருகிறாள். ஒன்றரை வயதுப் பேரனும் அவர்கள் வளர்க்கும் பூனையும் பொங்கல் வரை எங்களோடு இருப்பார்கள். கூடத்தில் சிவப்புப் பாயின்செட்டியா, மணிபிளான்ட், டிஃபன்பாக்கியா ஆகியவற்றைத் தொட்டியில் வைத்திருக்கிறோம். பாயின்செட்டியா குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்று எதிர்வீட்டு அம்மா எச்சரிக்கிறார். அதை எடுத்துவிட வேண்டுமா?
— வாசகி, மந்தைவெளி

பதில்: எடுக்க வேண்டியதில்லை, அம்மா. 1919இல் ஹவாய்த் தீவில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்ததாக ஒரு செய்தி பரவியது. அது ஒருபோதும் உறுதிப்படவில்லை; ஆனாலும் அச்சம் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த 22,793 பாயின்செட்டியா நிகழ்வுகளை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வில் ஓர் இறப்புகூட இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. இலைக்காம்பை ஒடித்தால் வடியும் வெள்ளைப் பால் தோலில் அரிப்பையும், கண்ணில் பட்டால் எரிச்சலையும் தரும். நிறையத் தின்றால் வாந்தி வரலாம். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

நான் கவலைப்படுவது உங்கள் டிஃபன்பாக்கியாவைப் பற்றித்தான். அதன் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. குழந்தை ஒரு கடி கடித்தாலே அவை நாக்கிலும் உதட்டிலும் தைத்து, வாய் எரிந்து, எச்சில் ஒழுகி, நாக்கு வீங்கிவிடும். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையை அரிப்பதும் இதே ஊசிகளால்தான். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். மணிபிளான்ட்டும் அந்தக் குடும்பமே, ஆனால் அதன் வேகம் சற்றுக் குறைவு. பேரன் இருக்கும்வரை டிஃபன்பாக்கியாவை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். மணிபிளான்ட்டை உயரத்தில் மாட்டினாலும் கொடி கீழே தொங்காதபடி நறுக்கிவிடுங்கள். தவழும் குழந்தையும் பூனையும் முதலில் இழுப்பது தொங்கும் நுனியைத்தான். கடித்துவிட்டால் வாயில் இருப்பதை வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ விழுங்க முடியாமல் போனாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புத்தாண்டுக்கு யாராவது லில்லிப் பூங்கொத்து கொண்டுவந்தால், பூனை இருக்கும் வீட்டுக்குள் அதை அனுமதிக்காதீர்கள். பெரிய இதழ்களும் பழுப்பு மகரந்தமும் கொண்ட அசல் லில்லியில், இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். பூவை அது கடிக்கக்கூடத் தேவையில்லை. உடம்பில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும். முதலில் சிலமுறை வாந்தியெடுத்துவிட்டுத் தேறியதுபோல் காணப்படும் பூனை, ஓரிரு நாளில் சிறுநீர் கழிக்காமல் சுருண்டுவிடும். அந்த நிலையில் மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது. அறிகுறிக்குக் காத்திராமல் முதல் சில மணி நேரத்திற்குள் நரம்பு வழியே திரவம் ஏற்றத் தொடங்கினால் பெரும்பாலும் பிழைக்கும். நர்சரிகளில் பீஸ் லில்லி என்று விற்பது வேறு செடி; அது டிஃபன்பாக்கியா வகையைச் சேர்ந்தது, வாயை எரிக்குமே தவிர சிறுநீரகத்தைத் தொடாது.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் சைகஸ் செடி இருக்கிறது. லாப்ரடார் குட்டி அதன் அடியில் மண்ணைத் தோண்டியபடியே இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?
— வாசகர், அண்ணாநகர்

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும். பார்வைக்குக் குட்டைப் பனைபோல் இருப்பதால் அழகுக்காக வாசல்தோறும் வைக்கப்படும் சைகஸின் எல்லாப் பாகங்களிலும் சைகாசின் என்னும் நஞ்சு உள்ளது. ஆரஞ்சு நிற விதைகளில் அது மிக அதிகம். ஒன்றிரண்டு விதைகளே நாயின் கல்லீரலைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கக்கூடும். குட்டி நாய் இருக்கும் வீட்டில் இந்தச் செடியை அகற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மண்ணைத் தோண்டுவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். தொட்டிக்கு எலும்புத்தூளோ புண்ணாக்கோ போட்டீர்களா? எலும்புத்தூளின் வாசம் நாயை இழுக்கும். அதோடு ஆமணக்குப் புண்ணாக்கும் கலந்திருந்தால், அதில் எஞ்சியிருக்கும் ரிசின் நஞ்சு நாய்க்குக் கொடிய ஆபத்து. உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் எழுதாத மூட்டையை நாய் வளர்ப்பவர்கள் வாங்க வேண்டாம். குட்டி எதையாவது தின்றதாகச் சந்தேகம் வந்தால் செடியின் ஒரு கிளையையோ உரப் பையையோ கையோடு எடுத்துக்கொண்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் வழக்கமான கால்நடை மருத்துவரிடமோ தாமதிக்காமல் செல்லுங்கள்.

கேள்வி: பூஜைக்காக மாடியில் அரளி வளர்க்கிறோம். விடுமுறையில் அக்கா பிள்ளைகள் வந்து விளையாடும்போது யாராவது வாயில் வைத்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: கூடாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது என எதுவுமே வேண்டாம். அளவுக்கு மீறிய உப்பு சிறு பிள்ளையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பையே கொண்டுவரலாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போவதும் உண்டு.

நம் வீடுகளில் பாயின்செட்டியாவுக்குக் கொடுக்கும் அச்சத்தை அரளிக்குக் கொடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சிவப்பு அரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் உள்ள நஞ்சு இதயத் துடிப்பையே குலைக்கிறது. உலர்ந்த இலையிலும் பூ மிதந்த தண்ணீரிலும் அது இருக்கும். மஞ்சள் அரளியின் காயைப் பிள்ளைகள் பறித்து விளையாடுவதால் அதை வளர்க்கவே வேண்டாம் என்பேன். நம் மாநில மலரான செங்காந்தளும் கார்த்திகை மாதத்தில் அழகாகப் பூக்கும். ஆனால் அதன் கிழங்கில் உள்ள கொல்சிசின் மிகக் கொடியது.

பிள்ளை அரளியை மென்றுவிட்டதாகத் தெரிந்தால், நன்றாகத்தான் விளையாடுகிறதே என்று காத்திருக்காமல், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். இசிஜி எடுத்துச் சில மணி நேரம் கவனிக்க வேண்டியிருக்கும். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் ஆலோசனை பெறலாம். அரளியின் இடத்தில் மல்லி, ரோஜா, துளசி வைத்தால் பூஜைக்கும் குறைவில்லை. பிள்ளைகள் பறித்து வாயில் போட்டாலும் நஞ்சாகாது. முள்ளுக்கு மட்டும் கவனம் தேவை.