தூங்கும் அரசரும் தூர்ந்த கிணறும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் மகளுடன் ஜெர்மனியின் கிஃப்ஹாய்சர் மலைக்குச் சென்றேன். காட்டின் நடுவே சிவந்த மணற்கல் சுவர்களாக எஞ்சி நிற்கும் கோட்டை மனத்தை என்னவோ செய்தது. பெரிய நினைவுச்சின்னத்தைப் பார்த்தோம். ஒரு பழைய கிணறும் இருந்தது. பார்பரோசா என்ற பேரரசர் அந்த மலைக்குள் இன்னும் உறங்குகிறாராம். இறந்தவரை உறங்குவதாக மக்கள் ஏன் நம்புகிறார்கள்?

ஆர்., லைப்சிக்

அன்புள்ள ஆர்.,

மகளையும் அழைத்துச் சென்றீர்களே, அதற்காகவே உங்கள் மீது பிரியம் உண்டாகிறது. பார்பரோசா 1190இல் சிலுவைப்போருக்குப் போகும் வழியில், இன்றைய துருக்கியில், ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தார். உறங்கும் அரசர் கதையும் முதலில் அவருடையதன்று. அவருடைய பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக்கைப் பற்றிச் சொல்லப்பட்டு, பிற்காலத்தில் தாத்தாவின் மேல் ஏறிக்கொண்டது. நம்பிக்கையின் காரணத்தை இன்னொரு நாள் பேசலாம். காட்டின் அழகு பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காவல் இருந்த காலத்தில் அந்தச் சரிவில் ஆள் மறையும் அளவுக்கு மரம் வளர விட்டிருக்கமாட்டார்கள்.

“ஒரு பழைய கிணறும் இருந்தது” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதன் ஆழம் 176 மீட்டர், அதாவது 577 அடி. இடைக்காலத்தில் பாறையைக் குடைந்து மனிதர்கள் வெட்டியது. 1896இல் முடிந்த அந்த நினைவுச்சின்னத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 81 மீட்டர். அப்படி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறக்கினாலும் விளிம்பைத் தொடாது.

எங்கள் மானாவாரிக் காட்டில் பெரியப்பா கிணறு வெட்டியபோது நான் சிறுவன். அறுபதடியிலேயே பாறை. காலையில் முதல் ஆள் இறங்கும் முன் சிம்னி விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது அணைந்துவிட்டால், வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழுமாக இழுத்து விஷக்காற்றைக் கலைத்த பிறகே ஆள் இறங்கலாம். மேலே நிற்கும் பெரியப்பா, உள்ளே இருப்பவரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வேண்டுமா என்பது போல ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் வருகிறதா என்று அறிவதற்காக. அறுபதடிக்கே அத்தனை பயம் என்றால், அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேலான ஆழத்தில், உளியும் சுத்தியலுமாக இருட்டில் குனிந்திருந்தவருக்கு மேலிருந்து யார் குரல் கொடுத்திருப்பார்கள், அது அவரை எப்படி எட்டியிருக்கும் என்று அங்கே நின்றபோது உங்களுக்கு ஒரு கணமும் தோன்றவில்லையா?

அந்தக் கோட்டை ஏற்கெனவே 1118இல் முற்றுகையில் வீழ்ந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. மலையுச்சியில் மதில் எத்தனை தடிமனாக இருந்தாலும், உள்ளே தண்ணீர் இருக்கும் வரைதான் அது கோட்டை. அந்தக் கிணறும் பின்னாளில் தூர்ந்துபோய், 1930களில்தான் தூர்வாரப்பட்டது.

மறுபடி போகும்போது கிணற்றடியில் மகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கை நழுவிய கூழாங்கல் ஒன்று நீரைத் தொட்டு, அதன் ஓசை மேலே வந்துசேர ஆறு வினாடிக்கும் மேலாகும். அவ்வளவு நேரமும் நீங்கள் பேசாமல் நிற்க வேண்டும்.