பெரிய மனிதர்களை மிரட்டித்தான் எப்ஸ்டீன் தப்பித்தாரா?

பெரும்புள்ளிகளின் அந்தரங்கத்தைக் காட்டி மிரட்டியே, சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய வழக்கில் சிக்கிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் தப்பினார் என்று பலர் நம்பினாலும், அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை என்று அமெரிக்க நீதித் துறை 2025 ஜூலையில் அறிவித்தது. மிரட்டல் இருந்ததோ இல்லையோ, என் மனதை உறுத்துவது கண்முன் கிடக்கும் ஆவணம்தான். 2007இல் ஃபுளோரிடாவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம், அவருக்கு மட்டுமன்றி, உடந்தையாக இருந்திருக்கக்கூடிய மற்றவர்களுக்கும் அங்கு மத்திய அரசு வழக்கிலிருந்து விலக்களித்தது. பாதிக்கப்பட்ட பெண்களிடமோ அது மறைக்கப்பட்டது. 2008இல் மாநில வழக்கில் மட்டும் 18 மாதத் தண்டனை பெற்றவர் சுமார் 13 மாதமே சிறையில் இருந்தார்; அதிலும் வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை தம் அலுவலகத்துக்குப் போய்வந்தார். 2019இல் மீண்டும் கைதாகிக் காவலிலேயே அவர் இறந்துவிட்டதால், அவரைக் கூண்டில் நிறுத்திச் சாட்சி சொல்லும் வாய்ப்பே அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.