மெஷின்மேல் பழி வேண்டாம்

கேள்வி: என் எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் 18 கிராம் தூள் போட்டும் பத்தே விநாடியில் தண்ணீராக, புளிப்பாக ஓடிவிடுகிறது. மெஷினை மாற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தூள்தான் கொரகொரப்பு. நானும் மெஷினுக்கே கைக்காசையெல்லாம் கொட்டிவிட்டு, பிளேடு கிரைண்டரில் கொட்டையை அரைத்தவன். பாதி மாவு, பாதி குருணை. 9 பார் அழுத்தத்தில் வரும் வெந்நீர் இடைவெளி கிடைத்த பக்கமே பாயும். மற்ற தூளில் சாறு இறங்காது. பர் கிரைண்டர், அதாவது இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை ஒரே சீராக அரைப்பது, அதை வாங்குங்கள். கையால் சுற்றுவதானாலும் சரி, எஸ்பிரெஸ்ஸோவுக்கு வேண்டிய நைஸாக, சிறு சிறு படியாகத் திருகி மாற்ற முடிய வேண்டும். 18 கிராமுக்கு 36 கிராம் டிக்காஷன், 25 முதல் 30 விநாடியில் இறங்கும்வரை நைஸாக்கிக்கொண்டே வாருங்கள். முதன்முதலாக அது தேன்போல இழைந்து இறங்கியதை இன்னும் நான் மறக்கவில்லை. கிராம் கணக்கு பார்க்கத் தராசும் அவசியம்.